உணவு பதப்படுத்தும் தொழிலில் பணிச்சூழலியல்

உணவு பதப்படுத்தும் தொழிலில் பணிச்சூழலியல் என்பது, இறைச்சி, கோழி, மீன், ரொட்டி, காய்கறி, கொட்டைகள் முதலிய உணவுப்பொருட்களைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில், பணிமுறையையும் கருவிகளையும் பணியிடத்தையும் அங்கு வேலை செய்வோரின் உடல் அளவுகளுக்கும் ஆற்றலுக்கும் ஏற்றவாறு அமைக்கும் துறையாகும். மனிதனைப் பணிக்குப் பொருத்துவதற்குப் பதிலாகப் பணியை மனிதனுக்குப் பொருத்துவது இதன் அடிப்படைக் கொள்கையாகும்.

கத்தி வெட்டுதல், வழுக்கி விழுதல் போன்ற விபத்துகள் நிகழ்ந்தவுடனேயே கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரே அசைவை ஒரு நாளில் பல்லாயிரம் முறை செய்வதால் மணிக்கட்டு, தோள், முதுகு ஆகிய உறுப்புகளில் மாதக்கணக்கில் சேரும் பாதிப்பு அவ்வாறு தெரிவதில்லை. உணவுத் தொழிற்சாலைகளில் பணிச்சூழலியல் முதன்மையாக இந்த இரண்டாவது வகைப் பாதிப்பைத் தடுக்க முயல்கிறது. இத்துறையின் அறிவில் கணிசமான பகுதி, ஐக்கிய அமெரிக்காவின் இறைச்சி, கோழித் தொழிற்சாலைகளில் 1980களுக்குப் பின் கிடைத்த பட்டறிவிலிருந்து பெறப்பட்டதாகும். ஆதலால் இக்கட்டுரையும் அத்தொழிற்சாலைகளையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வரலாறு

உணவுத் தொழிலாளரின் உடல் பாதிப்புகள் நெடுங்காலமாகவே அறியப்பட்டவை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மாவு பிசைவதால் ரொட்டி சுடுவோரின் கைகள் தடித்து வீங்குவதைக் குறிப்பிட்டுள்ளார். பணிச்சூழலியலைக் குறிக்கும் எர்கோனாமிக்ஸ் என்னும் சொல், வேலை எனப் பொருள்படும் எர்கோன், விதி எனப் பொருள்படும் நோமோஸ் என்னும் கிரேக்கச் சொற்களால் ஆனது. போலந்து அறிஞர் வோய்ச்செக் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857 இல் இதனைப் பயன்படுத்தினார். எனினும் ஒரு தனித்துறையாக இது உருப்பெற்றது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே ஆகும். 1949 இல் பிரித்தானியாவில் இதற்கெனத் தனிக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் 1906 இல் வெளியான அப்டன் சிங்கிளேரின் "த ஜங்கிள்" என்னும் புதினம், சிகாகோ இறைச்சித் தொழிலாளரின் அவல வாழ்வைச் சித்தரித்தது. ஆனால் அதன் விளைவாக எழுந்த பொதுமக்களின் சினம், தொழிலாளரைவிட உண்ணும் இறைச்சியின் தூய்மையையே பற்றியதாக இருந்தது. அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டம் நிறைவேறியது. இறைச்சித் தொழிலாளரின் கைகளையும் முதுகையும் காப்பதற்கென அந்நாட்டு நடுவண் அரசின் பணிச்சூழலியல் வழிகாட்டி வெளியாவதற்கு அதன் பின் 84 ஆண்டுகள் பிடித்தன.

பணியிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 1970 இல் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த நிர்வாகம், 1980களின் பிற்பகுதியில் பெரிய இறைச்சித் தொழிற்சாலைகள் சிலவற்றின்மீது நடவடிக்கை எடுத்தது. காயப் பதிவேடுகளைச் சரிவரப் பேணாமை, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளால் தொழிலாளர் பாதிக்கப்படுவதைத் தடுக்காமை ஆகியன குற்றச்சாட்டுகளாகும். இவற்றின் தொடர்ச்சியாக, இறைச்சித் தொழிற்சாலைகளுக்கான பணிச்சூழலியல் வழிகாட்டி 1990 இல் வெளியிடப்பட்டது. கோழித் தொழிற்சாலைகளுக்கான வழிகாட்டி 2004 இல் வெளியாகி, 2013 இல் திருத்தப்பட்டது.

எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான, சட்ட வலுவுள்ள பணிச்சூழலியல் விதி ஒன்றும் 2000 நவம்பரில் வெளியிடப்பட்டது. 2001 மார்ச்சில் நாடாளுமன்றம் அதனை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதில் ஒப்பமிட்டதால் விதி செயலிழந்தது. மேற்கூறிய வழிகாட்டிகள் பரிந்துரைகளே அன்றிக் கட்டாய விதிகள் அல்ல. கடுமையான நிலைமைகளில், பொதுவான பாதுகாப்புக் கடமையை வலியுறுத்தும் சட்டப்பிரிவின்கீழ் மட்டுமே நடவடிக்கை எடுக்க இயலும்.

இத்தொழிலின் தனித்தன்மைகள்

ஆடை, மின்னணுவியல் முதலிய தொழில்களிலும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் உள்ளன. எனினும் உணவுத் தொழிலில் பல இடர்க் காரணிகள் ஒரே இடத்தில் சேர்கின்றன.

* திரும்பச் செய்தல்: நகரும் பட்டையின் வேகமே கையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 25 முறை வெட்டும் ஒருவர், இடைவேளை நீங்கலாக 7 மணி நேரத்தில் 10,500 முறை வெட்டுகிறார்.
* விசை: எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்தல், தோலை இழுத்து உரித்தல், ஓட்டை உடைத்தல் ஆகியவற்றுக்கு வலுவான பிடி தேவைப்படுகிறது. ஈரமும் கொழுப்பும் படிந்த பொருள் வழுக்குவதால் பிடி மேலும் இறுகுகிறது.
* பொருந்தாத உடல்நிலை: கொக்கியில் தொங்கும் பொருளை எட்டுவதற்குக் கையைத் தோளுக்குமேல் உயர்த்துதல், ஆழமான தொட்டிக்குள் குனிதல், மணிக்கட்டை வளைத்தபடியே வெட்டுதல் ஆகியன இவ்வகையின.
* குளிர்: நோய்க்கிருமிகள் பெருகாதிருக்க உணவு குளிர்ச்சியாக வைக்கப்படவேண்டும். இறைச்சி வெட்டும் அறையின் வெப்பநிலை 12 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருப்பதை ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. குளிரில் விரல்களின் உணர்வு குறைவதால், தேவையான அளவைவிடக் கூடுதலாகவே கருவியை அழுத்திப் பிடிக்க நேர்கிறது.
* அதிர்வு: சுழல் கத்தி, மின்வாள் முதலிய கருவிகளின் அதிர்வு விரல்களின் குருதிக் குழாய்களையும் நரம்புகளையும் தாக்குகிறது.
* பொருளின் சீரின்மை: இயந்திரத் துண்டுகளைப்போல இரு கோழிகளோ இரு மீன்களோ ஒரே அளவில் அமைவதில்லை. ஆகவே முழு இயந்திரமயமாக்கம் கடினமாகி, பல வேலைகள் மனிதக் கைகளிலேயே தங்கிவிடுகின்றன.

இக்காரணிகள் தனித்தனியே இருப்பதைவிட ஒன்றுசேரும்போது ஆபத்து மிகும். குறிப்பாக, மிகுந்த விசையும் மிகுந்த திரும்பச் செய்தலும் சேர்வது மணிக்கட்டுக் கோளாறுகளுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஏற்படும் கோளாறுகள்

தசை, தசைநாண், மூட்டு, நரம்பு ஆகியவற்றில் இவ்வாறு ஏற்படும் பாதிப்புகள் தசை எலும்புக் கோளாறுகள் எனப் பொதுவாக அழைக்கப்படுகின்றன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது கார்ப்பல் டனல் நோய் ஆகும். மணிக்கட்டின் உள்ளே எலும்புகளாலும் தசைநாராலும் சூழப்பட்ட குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் இதன் வழியே செல்கின்றன. தசைநாண்களின் உறைகள் வீங்கும்போது, விரிவடைய இடமில்லாமையால் நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மதமதப்பும் கூச்சமும் தோன்றுகின்றன. இரவில் வலி உறக்கத்தைக் கெடுக்கும். கவனியாது விட்டால் பெருவிரலின் அடித்தசை மெலிந்து, பொருட்களைப் பிடிக்கும் வலுவே குறைந்துவிடும்.

தசைநாண் அழற்சி, மடக்கிய விரல் நீளாமல் சிக்கிக்கொள்ளும் விசைவிரல் நோய், தோள்வலி, கீழ்முதுகுவலி, அதிர்வினால் விரல்கள் வெளுத்தல் ஆகியன ஏனைய கோளாறுகளாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் தென் கரோலினாவில் உள்ள கோழித் தொழிற்சாலை ஒன்றில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2014 இல் வெளியாயின. ஆய்வுக்கு உட்பட்ட தொழிலாளருள் 42 விழுக்காட்டினருக்குக் கார்ப்பல் டனல் நோய்க்கான சான்றுகள் இருந்தன. மேரிலாந்தில் உள்ள மற்றொரு கோழித் தொழிற்சாலை பற்றி 2015 இல் வெளியான முடிவில் இது 34 விழுக்காடாக இருந்தது.

இடரை அளவிடும் முறைகள்

ஒரு வேலை கடினமானதா என்பதைத் தொழிலாளியின் முறையீட்டையோ மேற்பார்வையாளரின் கருத்தையோ மட்டும் கொண்டு முடிவு செய்வதைத் தவிர்க்கப் பல அளவீட்டு முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

திரிபுச் சுட்டெண்

இம்முறையை மூர், கார்க் ஆகிய ஆய்வாளர்கள் 1995 இல் வெளியிட்டனர். பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் அவர்கள் செய்த ஆய்வு இதற்கு அடிப்படையாக அமைந்தது. விசையின் அளவு, விசை நீடிக்கும் நேரம், நிமிடத்துக்கு எத்தனை முறை, மணிக்கட்டின் நிலை, வேலையின் வேகம், ஒரு நாளில் அவ்வேலை செய்யும் நேரம் ஆகிய ஆறு கூறுகளுக்கும் மதிப்பெண் இடப்பட்டு, அவை ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. கூட்டாமல் பெருக்குவதால், ஆறில் ஒன்றைக் குறைத்தாலும் மொத்த இடர் கணிசமாகக் குறைவதைக் காணமுடிகிறது.

தூக்குதல் சமன்பாடு

மேற்கூறிய தேசிய நிறுவனம் 1981 இல் வெளியிட்டு 1991 இல் திருத்திய சமன்பாடு, பாரம் தூக்கும் வேலைகளுக்கு உரியதாகும். மிகச் சிறந்த நிலையிலும் 23 கிலோகிராமுக்கு மேல் தூக்குவதை இது பரிந்துரைப்பதில்லை. நிலைமை மோசமாகும் அளவுக்கு அந்த 23 கிலோகிராம் பின்வரும் ஆறு காரணிகளால் குறைக்கப்படுகிறது.

* கிடைத்தொலைவு: உடலிலிருந்து கைகள் இருக்கும் தொலைவால் (செ.மீ.) 25 ஐ வகுக்க வருவது.
* உயரம்: தரையிலிருந்து 75 செ.மீ. உயரம் சிறந்தது. அதிலிருந்து விலகும் ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.003 குறையும்.
* நகர்வு: பாரம் மேலெழும் தொலைவால் 4.5 ஐ வகுத்து, 0.82 உடன் கூட்ட வருவது.
* திருப்பம்: உடல் திரும்பும் ஒவ்வொரு பாகைக்கும் 0.0032 குறையும்.
* அடுக்கு: எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதற்கேற்ப அட்டவணையிலிருந்து பெறப்படுவது.
* பிடிமானம்: கைப்பிடி உள்ளதா என்பதற்கேற்ப அட்டவணையிலிருந்து பெறப்படுவது.

எடுத்துக்காட்டாக, ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் 50 கிலோகிராம் மாவு மூட்டையை, தரைக்கு 15 செ.மீ. மேலிருந்து எடுத்து, 45 பாகை உடலைத் திருப்பி, 100 செ.மீ. உயர்த்தி, பிசையும் இயந்திரத்தில் கொட்டுவதாகக் கொள்வோம். கைகள் உடலிலிருந்து 40 செ.மீ. தொலைவில் உள்ளன. நிமிடத்துக்கு ஒரு மூட்டை வீதம், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. மூட்டைக்குக் கைப்பிடி இல்லை.

23 × 0.625 × 0.82 × 0.865 × 0.856 × 0.94 × 0.90 = 7.4 கிலோகிராம்

அதாவது, இந்நிலையில் பரிந்துரைக்கத்தக்க எடை 7.4 கிலோகிராம் மட்டுமே. உண்மையான எடையை இதனால் வகுத்தால் 6.8 என்னும் தூக்குதல் சுட்டெண் கிடைக்கிறது. இது 1 ஐத் தாண்டினால் சிலருக்கும், 3 ஐத் தாண்டினால் பலருக்கும் முதுகு பாதிக்கப்படும் இடர் மிகும் எனக் கொள்ளப்படுகிறது.

இப்போது மூட்டைகளை 75 செ.மீ. உயர மேடையில் வைத்து, இயந்திரத்துக்கு நேர் எதிரே நின்று, உடலுக்கு 30 செ.மீ. அருகில் பிடித்து, 25 செ.மீ. மட்டும் உயர்த்துமாறு மாற்றினால், பரிந்துரை எடை 16.2 கிலோகிராமாக உயர்கிறது. மூட்டையின் எடை மாறாவிட்டாலும் சுட்டெண் 3.1 ஆகக் குறைகிறது. மூட்டையை 25 கிலோகிராமாக்கினால் 1.5 ஆகிறது. மேடை, நிற்கும் இடம், மூட்டையின் அளவு ஆகிய மூன்றை மாற்றியும் சுட்டெண் 1 ஐவிடக் கூடுதலாகவே உள்ளதால், மாவைக் குழாய் வழியே கொண்டுவருவதோ வெற்றிட உறிஞ்சியால் தூக்குவதோ தான் முழுமையான தீர்வாகும் என்பது இக்கணக்கிலிருந்து தெரிகிறது.

இவை தவிர, உடல்நிலையைப் பார்த்து மதிப்பிடும் முறைகளும் உள்ளன. பின்லாந்தில் 1977 இல் உருவான ஓவாஸ் முறை, பிரித்தானியாவில் 1993 இல் உருவான ரூலா முறை ஆகியன அவற்றுள் அடங்கும்.

சீரமைப்பு முறைகள்

இடரை நீக்கும் வழிகளுக்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் வேலையின் அமைப்பையும் கருவியையும் மாற்றவேண்டும். அது இயலாதபோது வேலை நேரத்தையும் சுழற்சியையும் மாற்றவேண்டும். கையுறை, கவசம் போன்ற தனியாள் பாதுகாப்புப் பொருட்கள் இறுதியாகவே கருதப்படவேண்டும்.

பணிமேசையின் உயரம்

மேசையின் உயரம் தொழிலாளியின் முழங்கை உயரத்தைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. நின்று செய்யும் வேலைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள் பின்வருமாறு.

* கூர்ந்து பார்த்துச் செய்யும் நுட்பமான வேலை: முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. மேல்.
* இலகுவான கைவேலை: முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழ்.
* உடல் எடையைக் கொடுத்து அழுத்தும் வேலை: முழங்கைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழ்.

இங்கு உயரம் எனப்படுவது மேசைப்பலகையின் உயரமன்று, கை வேலை செய்யும் இடத்தின் உயரமாகும். ஒரே பட்டையில் உயரமானவரும் குள்ளமானவரும் நிற்பதால், பட்டையை மாற்றுவதைவிட நிற்கும் மேடையின் உயரத்தை மாற்றுவது எளிது. குள்ளமானவருக்கு மேடை கொடுக்கலாம். ஆனால் உயரமானவருக்காகத் தரையைத் தாழ்த்த இயலாது. ஆதலால் உயரமானவருக்கு ஏற்றவாறு பட்டையை அமைத்து, ஏனையோருக்கு மேடைகள் வழங்குவதே வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

கத்தியும் கருவிகளும்

இறைச்சி, மீன் தொழிற்சாலைகளில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் சீரமைப்பு, கத்தியைக் கூர்மையாக வைத்திருத்தலாகும். மழுங்கிய கத்தியால் வெட்டும்போது பிடியின் விசையும் வெட்டும் நேரமும் கூடுவதை அளவீடுகள் காட்டியுள்ளன. கத்தியைச் சாணை பிடிப்பதற்கெனத் தனியாள் அமர்த்துதல், வேலையின் இடையே கத்தியை மாற்றிக்கொள்ள இசைவளித்தல், எஃகுக் கோலில் தீட்டுவதற்குச் சில நொடிகள் தருதல் ஆகியன இதன் கூறுகளாகும். நகரும் பட்டை சில நொடிகளைக்கூடத் தராவிட்டால், நல்ல கத்தியும் விரைவில் மழுங்கிவிடும்.

மணிக்கட்டை வளைக்காமல் வெட்டுமாறு கைப்பிடி சாய்க்கப்பட்ட கத்திகளும் உள்ளன. கையுறை சரியான அளவில் இருத்தல் வேண்டும். பெரிதான கையுறை வழுக்கும், சிறிதானது விரலை இறுக்கும். இரண்டிலுமே பிடிக்கும் விசை கூடுகிறது. அனைவருக்கும் ஒரே அளவுக் கையுறை வாங்கும் தொழிற்சாலைகளில் சிறிய கைகளையுடைய பெண்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

வேகமும் ஆட்களின் எண்ணிக்கையும்

உற்பத்தி வரிசையின் வேகம் இத்துறையில் மிகவும் சர்ச்சைக்குரியதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வேகத்தின் உச்ச வரம்பை வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புச் சோதனைப் பிரிவு விதிக்கிறது. சோதனையாளர் ஒவ்வோர் உடலையும் பார்ப்பதற்குத் தேவையான நேரமே இவ்வரம்பின் அடிப்படையாகும். தொழிலாளியின் கை அல்ல. கோழித் தொழிற்சாலைகளில் புதிய சோதனை முறைக்கு மாறும் ஆலைகளுக்கு நிமிடத்துக்கு 175 பறவைகள் என முன்மொழியப்பட்ட வரம்பு, எதிர்ப்புக்குப் பின் 2014 இன் இறுதி விதியில் 140 ஆக வைக்கப்பட்டது. 2018 முதல் சில ஆலைகளுக்கு 175 வரை விலக்கு அளிக்கப்பட்டது. பன்றியிறைச்சி ஆலைகளில் மணிக்கு 1,106 என்றிருந்த வரம்பை 2019 இன் விதி புதிய முறைக்கு மாறும் ஆலைகளுக்கு நீக்கியது. தொழிலாளர் பாதுகாப்பைக் கருதாமல் அது நீக்கப்பட்டதெனக் கூறி, நீதிமன்றம் 2021 இல் அப்பகுதியைச் செல்லாததாக்கியது.

அப்பிரிவின் ஏற்பாட்டில் நடந்த ஆய்வுகள் 2025 சனவரியில் வெளியாயின. மதிப்பிடப்பட்ட கோழித் தொழிலாளருள் 81 விழுக்காட்டினரும் பன்றியிறைச்சித் தொழிலாளருள் 46 விழுக்காட்டினரும் தசை எலும்புக் கோளாறுகளுக்கான மிகுந்த இடரில் இருப்பதாக அவை கண்டன. கோழித் தொழிற்சாலைகளில், குடல் நீக்கும் வரிசையின் வேகத்தைவிட, ஒரு தொழிலாளி ஒரு நிமிடத்தில் கையாளும் துண்டுகளின் எண்ணிக்கையே இடரோடு தொடர்புடையது என்பது அவற்றின் முதன்மை முடிவாகும்.

இவ்வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நிமிடத்துக்கு 140 துண்டுகள் வரும் வரிசையில் 7 பேர் நின்றால் ஒருவருக்கு 20 துண்டுகள். ஆட்களைக் கூட்டாமல் வேகத்தை 175 ஆக்கினால் ஒருவருக்கு 25. ஆட்களை 9 ஆக்கினால் ஒருவருக்கு 19.4. மாறாக, வேகம் 140 ஆகவே இருக்க, இருவர் வராத நாளில் 5 பேர் மட்டும் நின்றால் ஒருவருக்கு 28. வேகம் கூடவில்லை என்னும் பதிவேட்டுக் குறிப்பு, அன்று அந்த ஐவரின் கைகளுக்குப் பொருந்தாது. ஆகவே வேக வரம்போடு, அவ்வேகத்துக்குரிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையும் குறிப்பிடப்படவேண்டும். ஆள் குறைந்தால் வரிசையும் மெதுவாக வேண்டும்.

பணிச்சுழற்சியும் ஓய்வும்

ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு ஆட்களை மாற்றுதல் பணிச்சுழற்சி எனப்படும். இது வேறு தசைகளைப் பயன்படுத்தும் வேலையாக இருந்தால் மட்டுமே பயன் தரும். இடது பக்க இறக்கையை வெட்டியவர் வலது பக்க இறக்கையை வெட்டச் செல்வதில் மணிக்கட்டுக்கு ஓய்வு ஏதுமில்லை. நீண்ட ஒரே இடைவேளையைவிட, அடிக்கடி வரும் குறுகிய இடைவேளைகள் தசைகள் மீள்வதற்கு உதவும்.

தூய்மை விதிகளோடு இணக்கம்

உணவுத் தொழிற்சாலையில் எந்தச் சீரமைப்பும் தூய்மை விதிகளுக்கு உட்பட்டே அமையவேண்டும். மரத்தாலான மேடையும் ஈரத்தை உறிஞ்சும் விரிப்பும் கிருமிகள் தங்கும் இடமாகிவிடும். எனவே மேடைகள் துருப்பிடிக்காத எஃகினால், நீர் வடியும் துளைகளோடு, கழுவுவதற்கு ஏற்றவாறு செய்யப்படுகின்றன. தொடக்கத்திலேயே துப்புரவுப் பணியாளரையும் கலந்து பேசாவிட்டால், பகலில் பயன்பட்ட மேடை இரவுக் கழுவலின்போது ஒதுக்கப்பட்டு, மறுநாள் உரிய இடத்துக்குத் திரும்பாமல் போவதுண்டு.

முன்கூட்டி அறிதலும் மறைக்கப்படும் காயங்களும்

1990 இன் வழிகாட்டி, நிர்வாகத்தின் ஈடுபாடும் தொழிலாளர் பங்கேற்பும், பணியிட ஆய்வு, இடர்த்தடுப்பு, மருத்துவ மேலாண்மை, பயிற்சி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. இவற்றுள் மருத்துவ மேலாண்மையின் நோக்கம், மதமதப்பு தோன்றும் தொடக்க நிலையிலேயே தொழிலாளி அதனைத் தெரிவிக்கச் செய்வதாகும். அந்நிலையில் வேலையை மாற்றினால் பெரும்பாலும் அறுவை மருத்துவம் இன்றியே மீளலாம்.

ஆனால் வலியைச் சொன்னால் வேலை போய்விடும் என்னும் அச்சம் இதற்குத் தடையாக உள்ளது. புலம்பெயர்ந்தோரும் மொழி அறியாதோரும் மிகுதியாக உள்ள தொழில் இதுவாகையால் இவ்வச்சம் கூடுதலாகிறது. இறைச்சி, கோழித் தொழிற்சாலைகளில் காயங்கள் குறைத்தே பதிவாகக்கூடும் என்பதை ஐக்கிய அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2016 இன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. காயமில்லாத மாதத்துக்குப் பரிசு தரும் திட்டங்களும் எதிர்விளைவைத் தரக்கூடும். பரிசு காயத்தைத் தடுப்பதில்லை. காயத்தைச் சொல்வதைத் தடுக்கிறது. அதனால் ஒரு தொழிற்சாலையில் புதிய பணிச்சூழலியல் திட்டம் தொடங்கிய முதல் ஆண்டில் பதிவான காயங்களின் எண்ணிக்கை உயர்ந்தால், அதனைத் தோல்வியாகக் கருதலாகாது.

தெற்காசியாவில்

மேற்கூறிய வழிகாட்டிகள் பெரிய, இயந்திரமயமான ஆலைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தெற்காசியாவின் உணவுத் தொழில்களில் பல, நகரும் பட்டை இல்லாமல், கைவேலையாகவே நடைபெறுகின்றன. கேரளத்தின் கொல்லம், தமிழ்நாட்டின் பண்ருட்டி ஆகிய இடங்களின் முந்திரித் தொழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இத்தொழிலில் பெண்களே பெரும்பான்மையினர். வறுத்த கொட்டையைத் தரையில் அமர்ந்து மரக்கட்டையால் தட்டி உடைப்பது ஒரு முறை. ஆவியில் வேகவைத்த கொட்டையைக் கையாலும் காலாலும் இயக்கும் கருவியில் வைத்துப் பிளப்பது மற்றொரு முறை. பின்னர் பருப்பின் மேல்தோல் சிறு கத்தியால் நீக்கப்படுகிறது. மணிக்கணக்கில் தரையில் அமர்ந்து குனிவதால் முதுகும் முழங்காலும், திரும்பத் திரும்பத் தட்டுவதால் தோளும் மணிக்கட்டும் பாதிக்கப்படுகின்றன. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குவதும் உண்டு. இலங்கையின் உலர் தேங்காய்த்துருவல் ஆலைகளில் சிரட்டை நீக்குதல், தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவுதல் ஆகிய கைவேலைகளும் இத்தகையனவே.

இங்கு வேகத்தை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. உடைத்த, தோல் நீக்கிய பருப்பின் எடைக்கேற்பக் கூலி தரப்படும் இடங்களில் கூலிமுறையே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பாவதால், ஓய்வு குறித்த அறிவுரை மட்டும் பயன் தராது. அமர்வதற்கு முதுகுசாய் உள்ள இருக்கை, முழங்கை உயரத்துக்கேற்ற மேசை, கொட்டையும் பருப்பும் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல், போதிய வெளிச்சம் ஆகியன குறைந்த செலவில் செய்யக்கூடிய மாற்றங்களாகும். இவை கையின் வீண் அசைவைக் குறைப்பதால் கூலியைக் குறைக்காமலேயே களைப்பைக் குறைக்கின்றன.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பன்னாட்டுப் பணிச்சூழலியல் கழகமும் இணைந்து 1996 இல் வெளியிட்ட செயல்நூல் இத்தகைய சிறு தொழில்களுக்குப் பயன்படுவதாகும். 128 நடைமுறைக் குறிப்புகளைக் கொண்டிருந்த இந்நூலின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் 132 குறிப்புகள் உள்ளன.

இந்தியாவில், நின்றே வேலை செய்யவேண்டியவர்களுக்கு அமர்வதற்கு ஏற்பாடு செய்யவேண்டும் என 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44 ஆம் பிரிவு கூறியது. காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை எவரும் தூக்கலாகாது என்பது அதன் 34 ஆம் பிரிவாகும். அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, 2020 இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் நெறித்தொகுப்பிலும் அமர்வதற்கான ஏற்பாடு இடம்பெற்றுள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967 ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கத்தக்க உச்ச எடையை 55 கிலோகிராமாகக் குறித்தது. மேலே காட்டிய கணக்கோடு ஒப்பிட்டால், இவ்வளவு எடை எந்நிலையிலும் பாதுகாப்பானதன்று என்பது தெளிவாகும்.

வரம்புகளும் விமர்சனங்களும்

பணிச்சூழலியல் என்னும் பெயரில் செய்யப்படும் எல்லா நடவடிக்கைகளும் பயன் தருவதில்லை. பாரம் தூக்குவோர் அணியும் முதுகுப்பட்டை இதற்கு எடுத்துக்காட்டாகும். சில்லறை வணிக நிறுவனத் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2000 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இப்பட்டையால் முதுகுவலியோ காயமோ குறைந்ததாகக் காணவில்லை. சரியாகத் தூக்கும் முறையைக் கற்பிப்பது மட்டும் போதாது என்பதும் உணரப்பட்டுள்ளது. தரையில் உள்ள மூட்டையை எடுக்க எவராயினும் குனிந்தே ஆகவேண்டும்.

இயந்திரமயமாக்கம் வேறொரு வினாவை எழுப்புகிறது. கோழிக்காலின் எலும்பை நீக்கும் சப்பானிய இயந்திரங்களும், டென்மார்க், நியூசிலாந்து ஆகிய நாடுகளின் இறைச்சி ஆலைகளில் உள்ள தானியங்கி வெட்டுக் கருவிகளும் கடினமான வேலைகள் சிலவற்றை மனிதரிடமிருந்து நீக்கியுள்ளன. அதே வேளையில், இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, அது விட்டுவிட்ட துண்டுகளைச் சரிசெய்யும் வேலை மனிதருக்கு எஞ்சுகிறது. இயந்திரம் வாங்கும்போதே அதன் முன்னும் பின்னும் நிற்போரின் வேலையையும் மதிப்பிடவேண்டும் என்பது பணிச்சூழலியலாளரின் கருத்தாகும்.

ஒரு சீரமைப்பு வெற்றி பெற்றதா என்பதை மேசை மாறியதா, கருவி வாங்கப்பட்டதா என்பதைக் கொண்டு அறிய இயலாது. ஒருவர் நிமிடத்துக்குச் செய்யும் அசைவுகளின் எண்ணிக்கை, அவற்றுக்குத் தேவைப்படும் விசை, தொடக்க நிலையிலேயே தெரிவிக்கப்பட்ட வலிகளின் எண்ணிக்கை ஆகியனவே அதற்குரிய அளவுகோல்களாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பணிச்சூழலியல்
* தொழில்சார் நோய்கள்
* பணியிடப் பாதுகாப்பு
* உணவு பதப்படுத்தல்
* பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு
* முந்திரி